சாவி யாரிடம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். நான் பேச வந்தது கொஞ்சம் கனமான விஷயம்.

எங்கள் செட் இந்தக் கல்லூரிக்குள் கால் வைத்தது 2004-இல். அந்த ஜூலை மாதம் கவுன்சிலிங் நினைப்பிலேயே இருந்தோம். 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். மதிய உணவுக்கு மூட்டிய அடுப்பின் நெருப்பு கூரைக்குத் தாவியது. மாடி வகுப்புக்கு மேலே கீற்றுக் கொட்டகை. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. அன்று டிவியில் பார்த்த காட்சி என் அம்மாவை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. நானும் பார்த்தேன், வருத்தப்பட்டேன், பிறகு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்.

பத்து வருஷம் கழித்து, 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் ஒருவர் பொறியாளர். 2017-இல் உயர் நீதிமன்றம் அவர்களில் பலரை விடுவித்தது. தீர்ப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூட விபத்து நம் தொழில்காரர் ஒருவரைக் கூண்டில் ஏற்றும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உறைத்தும் என்ன பிரயோஜனம்? இப்போது என் கதைக்கு வருகிறேன்.

கட்டடங்களுக்கு உறுதிச் சான்று கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். தூண், உத்தரம், தளம் எல்லாம் பார்த்தேன். சுத்தியல் சோதனையும் செய்தேன். நல்ல கட்டடம், குறை சொல்ல முடியாது. இரண்டாவது படிக்கட்டுக்கு வந்தால், கிரில் கேட்டில் பூட்டு. உள்ளே உடைந்த பெஞ்சுகள் அடுக்கிக் கிடந்தன.

"சார், இது ஏன் பூட்டியிருக்கு?" என்றேன்.

"பசங்க அந்தப் பக்கமா ஓடிடறாங்க சார். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. நீங்க கட்டடம் உறுதியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் தாளாளர்.

அவர் சொன்னது நியாயம் மாதிரியே பட்டது. என்னிடம் கேட்டது கட்டடத்தின் உறுதியை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது யு.கே.ஜி. படிக்கும் என் மகளிடம், "உங்க ஸ்கூல்ல மாடிக்கு எத்தனை படிக்கட்டு கண்ணு?" என்று கேட்டேன்.

"ரெண்டுப்பா. ஒண்ணு எப்பவும் பூட்டியே இருக்கும்."

அவள் ரசம் சாதத்தைத் தொடர்ந்து சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பள்ளிக்குப் போய், "கேட்டைத் திறக்காவிட்டால் என் சான்றை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். தாளாளருக்குக் கோபம்தான். ஆனாலும் சாவி கொண்டுவரச் சொன்னார். வாட்ச்மேன் லீவு. மேஜை டிராயர், ஆபீஸ் அறை, பியூன் பை எல்லாம் தேடி, சாவி கிடைக்க 20 நிமிடம் ஆனது. நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரும் என் வாட்ச்சைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் வாதாடவில்லை. சாயங்காலத்துக்குள் பெஞ்சுகள் போயின, பூட்டும் போயிற்று. அடுத்த தடவை சான்றுக்கு என்னைக் கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்! அதே வாரம் என் மகளின் பள்ளியிலும் போய்ப் பேசினேன். அங்கேயும் திறந்தார்கள்.

நண்பர்களே, கும்பகோணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடக்கம், முறையாக நேரில் பார்த்த பிறகே பாதுகாப்புச் சான்று தர வேண்டும். சட்டத்தில் குறையில்லை. பூட்டைப் பார்த்துவிட்டும் கையெழுத்துப் போடுகிற என்னைப் போன்றவர்களிடம்தான் குறை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். சுவர் ஒரே நாளில் பலவீனமாகிவிடுவதில்லை. யாராவது முன்னாலேயே தட்டிப் பார்த்திருக்கலாம்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் சிவில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, அவரவர் ஊர்ப் பள்ளி ஒன்றுக்குக் காசு வாங்காமல் போய்ப் பார்ப்போம். இரண்டு வழியும் திறந்திருக்கிறதா? வெளியேறும் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? சமையல் அடுப்பு வகுப்பை விட்டுத் தள்ளி இருக்கிறதா? காம்பவுண்டுச் சுவரும் கழிப்பறைச் சுவரும் சாயாமல் நிற்கின்றனவா? மணியடித்து ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு வரச் சொல்லி, எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பார்ப்போம்.

சிவில் படிக்காதவர்களுக்கு இன்னும் சுலபமான வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.