நம் அணியிலிருந்தே ஒரு நடுவர்

(தெருக்களுக்கு இடையிலான கோடைக்காலக் கிரிக்கெட் போட்டியின் பரிசளிப்பு நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, பெற்றோர்களே, கோப்பை வாங்கிய தம்பிகளே, வாங்காமல் போன தம்பிகளே!

இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு உட்காரலாம் என்றுதான் வந்தோம். ஆனால் அரையிறுதி ஆட்டத்தில் நடந்ததை ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. ஓர் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்காக இரண்டு தெருப் பிள்ளைகள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். முக்கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. "அடுத்த வருஷம் இந்த விளையாட்டே வேண்டாம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. பன்னிரண்டு வருஷம் ஊர் கிளப்பில் ஆடியவர்கள் என்ற முறையில், எங்கள் காலத்தில் ஆட்டம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு, ஒரு கோரிக்கையையும் முன்வைக்க விரும்புகிறோம்.

1983 ஜூன் 25 அன்று இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 183 ரன்தான் எடுத்திருந்தோம்; மேற்கிந்தியத் தீவுகளை 140 ரன்னில் சுருட்டினோம். அதற்குப் பிறகு எங்கள் தெருக்களில் தென்னை மட்டை மிஞ்சவில்லை, எல்லாம் கிரிக்கெட் மட்டையாகிவிட்டது. சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்க டீக்கடை வானொலிப் பெட்டியைச் சுற்றி நிற்போம்.

சில வருஷங்களில் கிளப் தொடங்கினோம். மைதானம் கிடையாது. தாளடி அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். வைக்கோல் தாளைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, சாலை போடுபவர்களிடம் கெஞ்சி வாங்கிய உருளையை இழுத்து, 22 கஜம் அளப்போம். ஜவுளிக்கடைப் பையன் ஒருவன் அணியில் இருந்ததால் கஜக்கோலுக்குப் பஞ்சமில்லை. அதன்மேல் தேங்காய் நார் மேட்டை இழுத்து விரித்து, சுற்றிலும் ஆணி அடிப்போம். அந்த மேட்டைத் தூக்க நான்கு பேர் வேண்டும். மேட்டில் பந்து நன்றாக எழும்பும், சுழலும். மெதுவாகப் போடுகிறவனுக்குக்கூட மரியாதை கிடைக்கும். ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் சீசன் முடிந்தது.

கால் பேட் இரண்டு ஜோடி வாங்கக் காசில்லை. இருந்தது ஒரே ஜோடி. ஆடுகிறவர் இருவரும் ஆளுக்கு ஒரு காலில் கட்டிக்கொள்வோம். வலக்கை ஆட்டக்காரனுக்கு இடது கால்தான் முன்னால் வரும், ஆகவே இடது காலில் கட்டுவான். பக்கத்து ஊர் அணியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் இங்கே வந்தால் நெய்ச்சோறும் தாளிச்சாவும்; நாங்கள் அங்கே போனால் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். அஸர் நேரத்தைப் பார்த்துத் தேநீர் இடைவேளை விடுவார்கள். யாரும் கேட்டு வாங்கிய சலுகை அல்ல அது; முதல் ஆட்டத்திலிருந்தே அப்படித்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். தொலைக்காட்சியில் வரும் நடுவர்கள் இரு அணிக்கும் பொதுவானவர்கள். கிளப் ஆட்டத்தில் அப்படி யாரைக் கூட்டிவர முடியும்? மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே இருவர் வெளியே வந்து நடுவராக நிற்க வேண்டும். எதிரணி பந்து வீசுகிறது, நம் ஆள் ஆடுகிறான், "அவுட்டா?" என்று கேட்கிறார்கள், விரலை உயர்த்த வேண்டியவனும் நம் ஆள். கேட்காவிட்டால் அவுட் கொடுக்கக் கூடாது என்பது விதி. கேட்டுவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்திருந்தால் எல்.பி.டபிள்யூ. கிடையாது. இதெல்லாம் தெரிந்திருப்பது பாதி வேலை. தெரிந்ததைச் சொல்வது மீதிப் பாதி. அதுதான் கடினமானது.

ஒரு வருஷம் பக்கத்து ஊரோடு கடைசி ஆட்டம். எங்களுக்கு ஆறு ரன் வேண்டும், கையில் இரண்டு விக்கெட். ஆடிக்கொண்டிருந்தவர் எங்கள் கேப்டன். நடுவராக நின்றவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. பந்து கேப்டனின் காலில் பட்டது. பதினொரு பேரும் கத்தினார்கள். தம்பி ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான். பிறகு விரலை உயர்த்தினான். அடுத்த பந்திலேயே கடைசி விக்கெட்டும் போய்த் தோற்றோம். அன்று மாலை எங்களில் பலர் அவனோடு பேசவில்லை. ஆனால் கேப்டன், "ஏறுடா" என்று தன் சைக்கிளில் அவனை உட்காரவைத்துக்கொண்டு போனார். மறுவாரம் நடுவர் யார் என்ற பேச்சு வந்தபோது, "தம்பியே நிற்கட்டும்" என்றார். அதன்பின் வேறு ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஆடும்போதுகூட அவனைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஒரு தீர்ப்பில் ஒரு கோப்பை போனது. எங்கள் கிளப்பின் வார்த்தைக்கு நான்கு ஊரில் மதிப்பு வந்தது.

பெரிய ஆட்டக்காரர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1980இல் பம்பாயில் இங்கிலாந்தோடு நடந்த டெஸ்டில் பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய நம் கேப்டன் விஸ்வநாத், அவரைத் திரும்ப அழைத்து ஆடச் சொன்னார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா தோற்றது. 1987 உலகக் கோப்பையில், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நான்கு என்று கைகாட்டினார். அது ஆறு என்று இடைவேளையில் கபில்தேவ் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது. இந்தியா 269 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. தோல்வி ஒரே ஒரு ரன்னில்! ஆனாலும் அந்த இருவரையும் தோற்றுப்போனவர்கள் என்று இன்று யாராவது சொல்வார்களா?

பெரியோர்களே, ஆட்டத்தை நிறுத்தினால் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கப்போவதில்லை. கைப்பேசி இருக்கிறது, அதில் பணம் கட்டி ஆடும் சூதாட்டம் இருக்கிறது. தனக்கு எதிராகவே உண்மையைச் சொல்லிப் பழக, ஊர் நடுவே இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். சொத்துப் பிரிக்கும்போதும், சாட்சி சொல்லும்போதும், பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டும்போதும் நமக்குத் தேவைப்படுவது அந்த விரல்தான். ஆகவே நிறுத்த வேண்டாம், ஒழுங்குபடுத்துவோம்.

அடுத்த வருஷத்துக்கு நாங்கள் கேட்பவை நான்கு. ஒன்று, வெளியிலிருந்து கூலிக்கு நடுவர் வேண்டாம். ஆடும் அணியிலிருந்தே இருவர் முறைபோட்டு நிற்கட்டும். கேப்டனுக்கும் விலக்கு இல்லை. இரண்டு, இரு அணி ஸ்கோரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஓவர் முடிவிலும் கணக்கை ஒத்துப்பார்க்கட்டும். மூன்று, ரொக்கப் பரிசை விட்டுவிட்டு, மட்டையும் பேடும் ஹெல்மெட்டும் கொடுப்போம். பணம் வரும் இடத்தில் சண்டையும் வருகிறது. நான்கு, நடுவரை எதிர்த்துக் கத்துகிறவன், எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும், அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்காரட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை இன்று எத்தனை ரன் எடுத்தான் என்று கேட்கிறீர்கள். நடுவராக நின்ற நாளில் என்ன செய்தான் என்றும் கேளுங்கள். சொந்த அணிக்கு எதிராக விரலை உயர்த்திவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அன்று அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள்.

அரையிறுதியில் எதிரெதிரே நின்ற இரண்டு கேப்டன்களும் இந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நான்கு விதிகளையும் எழுதி, முதல் கையெழுத்தை அவர்கள் இருவரும் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தாளும் பேனாவும் மேசையில் இருக்கின்றன.