வளைகுடா உத்தியோகமும் விசாப் பிணையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் இம்மேடையில் வல்லோர் பலர் பேசியுள்ளனர். அடியேன் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப்போல் இனியதன்று. ஆயினும் நம் வீடுகள் பலவற்றை அது தொட்டே நிற்கின்றது. நம் பிள்ளைகள் அரபு நாடுகளுக்கு உத்தியோகத்தின் பொருட்டுப் பெற்றுச் செல்லும் விசாவே அவ்விஷயம்.

1973-ஆம் வருஷம் எண்ணெய் விலை ஏறியபின் சவூதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான், ஐக்கிய அரபு அமீரகம் என்னும் ஆறு தேசங்களிலும் பட்டணங்களும் சாலைகளும் துறைமுகங்களும் பெருகின. அவற்றைக் கட்டுதற்கு உள்நாட்டில் ஆள் போதவில்லை. அயல்நாட்டாரை அழைத்தனர், ஆயின் குடிகளாக அன்று, தவணைக்கு வந்து திரும்பும் பணியாளராகவே அழைத்தனர். அதற்குக் கையாண்ட முறை கஃபாலா எனப்படும். அவ்வரபுச் சொல்லுக்கு உத்தரவாதம், பிணை என்பது பொருள். பிணை நிற்கும் முதலாளியை நம் பிள்ளைகள் ‘கஃபீல்’ என்பர்.

நம் ஊரில் ஒருவனுக்காக ஜாமீன் நிற்பவனே நஷ்டத்துக்கு அஞ்சுவான். அங்கேயோ, யாருக்காகப் பிணை நிற்கின்றார்களோ அவனே அஞ்சவேண்டியதாயிற்று. ஏனெனில், தேசத்துள் நுழைதலும், இக்காமா என்னும் வாசச்சீட்டும், வேறு வேலைக்கு மாறுதலும், சில தேசங்களில் ஊர் திரும்புதலும் ஆகிய நான்கும் கஃபீலின் கையெழுத்தைச் சார்ந்திருந்தன. வேலையை விட்டவனுக்கு அத்தேசத்தில் தங்கும் உரிமையும் உடன் போயிற்று. கூலி குறைந்ததென்று வாய் திறப்பவன் எதனை இழக்கத் துணிகின்றான் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லா முதலாளிகளும் கொடியரென்று யான் கூறவில்லை. தொழிலாளிக்கு நோய் கண்டவிடத்துத் தந்தைபோல் பரிபாலித்தோரும் உண்டு. ஆயினும் ஒருவரது நற்குணத்தையே நம்பி நிற்கும் பிழைப்பு, உரிமையைப் பற்றி நிற்கும் பிழைப்பு ஆகாது.

இம்முறை சில இடங்களில் தளர்ந்திருக்கின்றது. கத்தாரில் 2020-ஆம் வருஷம், பழைய முதலாளியின் சம்மதப் பத்திரமின்றியே வேறிடம் மாறலாமென்று விதித்தனர். 2021 மார்ச்சில் குறைந்தபட்ச மாதக் கூலி 1,000 ரியால் என்றனர். சவூதியில் 2021 மார்ச் 14 முதல், தனியார் கம்பெனித் தொழிலாளர் ஓராண்டு முடித்தபின் முதலாளியின் சம்மதமின்றி மாறவும், தாமே விண்ணப்பித்து ஊர் வரவும் வழி செய்தனர். ஆயின் வீட்டு வேலைக்காரர், வீட்டு மோட்டார் ஓட்டிகள், ஆட்டிடையர், தோட்டக்காரர் முதலியோருக்கு அச்சலுகையை அன்று அளித்தாரில்லை. குவைத்திலோ, தனியார் துறைத் தொழிலாளர் நாட்டைவிட்டு வெளிச்செல்ல முதலாளி இசைந்த அனுமதி வேண்டுமென்று 2025 ஜூலையில் விதித்தனர். ஆகவே ‘சட்டம் மாறிவிட்டது’ என்னும் பேச்சில் மயங்காமல், எந்தத் தேசம், எந்த வேலை என்று கேட்டறிதல் வேண்டும்.

நிற்க. என் வீட்டுக் கதை ஒன்றை, வெட்கமாயினும், சொல்லுகின்றேன். என் தமக்கையின் மகனிடம் தரகன் ஒருவன், ‘ஃப்ரீ விசா இருக்கிறது, எந்தக் கடையிலும் வேலை செய்யலாம்’ என்றான். தமக்கை நகைகளை அடகு வைத்தாள். குறைந்த தொகையை யானே மகிழ்ந்து கொடுத்தேன்; ஒரு காகிதத்தையேனும் வாங்கிப் படித்தேனல்லேன். பையன் சவூதியில் இறங்கியபின்னரே அப்பெயருள்ள விசா சட்டத்தில் இல்லை என்பது தெரிந்தது. விசா ஒரு கஃபீலின் பேரில், வேலை வேறொருவனிடம், அதுவே அங்கே குற்றம். இக்காமாவைப் புதுப்பிக்குந்தோறும் முகமறியாத அக்கஃபீலுக்குப் பணம் செலுத்தினான். ஒரு வருஷம் செலுத்தத் தவறவே, ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவன் என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதுமுதல் தெருவில் போலீஸைக் கண்டால் ஒளியலானான். தந்தை காலமானபோது கொள்ளி வைக்க அவனால் வரக்கூடவில்லை. பங்காளி மகன் வைத்தான். 2017-ஆம் வருஷம் சவூதி அரசாங்கம் தண்டனையின்றி வெளியேற அளித்த தவணையிலே வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். அவன் கெட்டதில் தரகனுக்கு ஒரு பங்கு உண்டெனில், கேளாமற் கொடுத்த எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகலின் உங்களை வேண்டிக்கொள்வன சில. முதலாவது, தரகன் பதிவு பெற்றவனா என்பதை இந்திய அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். 1983-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தையொட்டிய விதிகள், தரகர் கூலிக்கு 30,000 ரூபாயும் அதன் வரியும் என எல்லை வகுத்தன. சவூதித் தொழிற்சட்டத்தின் 40-ஆம் பிரிவோ, ஆளெடுக்குஞ் செலவும் இக்காமாக் கட்டணமும் முதலாளியையே சேர்ந்தவை என்கின்றது. அவ்வாறாயின் லட்சக்கணக்கில் கேட்பவன் எதற்காகக் கேட்கின்றான்? இரண்டாவது, விஸிட் விசாவில் சென்று வேலை தேடலாம் என்பானை நம்பாதீர்கள். மூன்றாவது, விசாவிலுள்ள முதலாளியின் பெயரும் வேலையும் ஒப்பந்தத்திலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். நான்காவது, பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று 1967-ஆம் வருஷத்துச் சட்டம் கூறும். அதனைப் பிடுங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. தமிழ்நாட்டு அரசினர் 1978-ஆம் வருஷத்தில் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் உண்டு. தரகன் வாசலுக்குப் போகுமுன் அங்கே விசாரியுங்கள்.

சங்கத்தாரையும் ஒன்று கேட்கின்றேன். ஒப்பந்தம் படித்துச் சொல்ல மூவரடங்கிய கமிட்டி ஒன்றை இன்றே நியமித்தல் வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடன் கேட்டு வருவோரிடம், நாம் ஈட்டுப் பத்திரம் கேட்கும் முன்னர் விசாவையும் ஒப்பந்தத்தையும் கேட்போமாக. பிள்ளைகளைப் போகாதே என்று தடுப்பது நம் நோக்கமன்று. திரும்பி வரும் வழியையும் பார்த்து அனுப்புவதே நம் கடமை.