லீவு மே மாதத்தில், சாரல் ஆனி மாதத்தில்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நெல்லைச் சீமையில் விடுமுறைச் சுற்றுலா’. இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். பணி ஓய்வுக்குப் பிறகு சென்னையை விட்டுப் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்துவிட்டவன் நான். அதனால் சென்னை, பெங்களூர், மஸ்கட் என்று எங்கெங்கோ இருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் நான்தான் விசாரணை அலுவலகம். மார்ச் மாதம் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். “மாப்ள, மே மாசம் நாலு நாள் வாரோம். குத்தாலம், கன்னியாரி, மாஞ்சோலை மூணையும் பாத்துரலாம்லா?”

பார்த்துவிடலாம். ஆனால் எதைப் பார்ப்பீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் செயற்குழுவும் இதே போல மே மாதத்தில் மூன்று நாள் குடும்பச் சுற்றுலா என்று ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டிருக்கிறது. அந்தத் தாளை எதிர்த்துப் பேசத்தான் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நம் ஊரைச் சுற்றிக் கடலும் உண்டு, நகரமும் உண்டு, மலையும் உண்டு. நாம் படித்தபோது தூத்துக்குடியும் தென்காசியும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1986-இல் தூத்துக்குடி தனியானது, 2019-இல் தென்காசி தனியானது. 1956-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரியையும் சேர்த்தால் இன்றைக்கு நான்கு மாவட்டங்கள். சந்திப்பு ரயில் நிலையத்தில் இறங்கினால் குற்றாலமோ, திருச்செந்தூரோ, குமரியோ எல்லாமே நூறு கிலோமீட்டருக்குள். இந்தக் கிட்டத்துத் தூரம்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். தூரம் பக்கம்தான், காலம் பக்கம் இல்லை.

மூன்றாம் ஆண்டு எக்ஸ்கர்ஷனை எங்கள் பேட்ச் மறந்திருக்காது. ஜூலை மாதம், மீட்டர் கேஜ் ரயில், கொல்லம் பாதையில் தென்மலை வரை. ஏறும்போது நெல்லையில் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடித்தது. அம்பாசமுத்திரம் தாண்டியதும் வானம் மூட்டம் போட்டது. தென்காசியில் சாரல். செங்கோட்டையில் நனைந்த பிளாட்பாரம். குகையைக் கடந்து ஆரியங்காவு போனால் கொட்டுகிற மழை. செங்கோட்டை வரை ரயிலில் சுமார் 80 கிலோமீட்டர்தான். அதற்குள் இத்தனை வேறுபாடு. (அந்தப் பாதை பிறகு அகல ரயில் பாதையாக மாறி 2018-இல் முழுவதுமாகத் திறந்தது. பதிமூன்று கண் பாலத்தின் மேல் இப்போதும் ரயில் போகிறது. வாய்ப்புள்ளவர்கள் ஆடி மாதத்தில் ஒருமுறை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போய் வாருங்கள்.)

அன்று அந்த ரயிலில் கண்ணால் பார்த்ததுதான் முழுப் பாடமும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது வறண்ட காற்று. ஆனால் மலைத்தொடரில் இரண்டு இடங்களில் வாசல் திறந்திருக்கிறது. ஒன்று செங்கோட்டைக் கணவாய். அதன் வழியாக ஈரத்தோடு வருவதுதான் குற்றாலச் சாரல். இன்னொன்று ஆரல்வாய்மொழி. அதன் வழியாக வருகிற காற்றில்தான் முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் இந்த வாசல்கள் வேலை செய்யும். மே மாதத்தில் குற்றாலம் போகிறவர் பெரும்பாலும் பார்ப்பது பாறையைத்தான். கோடை மழை தயவு பண்ணினால் சில நாள் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகையிலும் அருவி விழும், ஆனால் அது சாரல் அல்ல, மழை. வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

இது எனக்குத் தெரியாததா? எக்ஸ்கர்ஷன் போன நாளிலேயே தெரியும். தெரிந்தும் செய்த தவறைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அம்மா அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது ஆனி மாதம் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போய் மூன்று நாள் தங்கிக் குளித்துவிட்டு வருவார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை. 1986-இல் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும், “ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போய்யா” என்றார். கூட்டிக்கொண்டு போனேன், மே மாதத்தில். பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மே மாதத்தை விட்டால் வேறு மாதமே இல்லை என்று ஆகிவிட்டது. பேரருவியில் நூல் பிடித்தாற்போல் தண்ணீர் ஒழுகும். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆனியில வரணும்யா, சாரல் அடிக்கும்போது வரணும்” என்பார். சரிம்மா, அடுத்த வருஷம் என்பேன். இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடியது. அடுத்த வருஷமும் லீவு மே மாதத்தில்தானே வரும்!

2009-இல் ஒரு வழியாக ஜூலையில் லீவு போட்டு வந்தேன். அம்மாவுக்கு அப்போது 78 வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. அருவியில் தண்ணீர் ஆர்ப்பரிக்கிறது, ஆனால் ஈரப் பாறையில் அவரால் ஓர் அடி வைக்க முடியவில்லை. கூட்டமோ கூட்டம். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், “வேண்டாம்லே, சவத்த மாதிரி தூக்கிட்டுப் போகாத” என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் நான் மட்டும் போய் ஒரு பிளாஸ்டிக் கேனில் அருவித் தண்ணீரைப் பிடித்துவந்து, லாட்ஜ் குளியலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தலையில் ஊற்றினேன். “இது குத்தாலத் தண்ணியாலே? கேன் வாடைல்லா அடிக்கி” என்று சொல்லிச் சிரித்தார். திரும்பும்போது இலஞ்சி ரோட்டில் நல்ல சாரல். காரை ஓரங்கட்டச் சொல்லிக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிக்கொண்டே கால் மணி நேரம் இருந்தார். சேலை நனைந்துவிட்டது. மறு ஆனி வரை அவர் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், இடத்தை முதலில் எழுதாதீர்கள். யார் கூட வருகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். அவர்களுக்கு எது ஆசை, எது முடியும், அது எந்த மாதத்தில் கிடைக்கும் என்று எழுதுங்கள். இடம் தானாக வந்துவிடும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனால் போகட்டும். ஆசிரியப் பெருமக்கள் என்னைக் கோபிக்கக் கூடாது.

கன்னியாகுமரியிலும் இதே கதைதான். மஸ்கட் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஜூலையில் வந்தார். குற்றாலக் குளியல் பிரமாதம். மறுநாள் குமரிக்குப் போனால் கடல் கொந்தளிப்பு, படகு நிறுத்தம். விவேகானந்தர் பாறையையும், 2000-ஆம் ஆண்டு திறந்த 133 அடி வள்ளுவர் சிலையையும் கரையில் நின்றே கும்பிட்டார்கள். 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது. ஆனால் பாறை வரை போகப் படகு ஓட வேண்டுமே. சரி, சூரிய அஸ்தமனமாவது பார்ப்போம் என்றால் அதுவும் கடலில் விழவில்லை. ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்காகச் சாய்ந்து தரைப்பக்கம் மறைகிறது. கடலில் உதித்துக் கடலிலேயே மறைவதைப் பார்க்க வேண்டுமானால் மார்கழி, தை மாதங்கள்தான். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியனும் கிழக்கே நிலாவும் ஒரே நேரத்தில் தெரியும், அது தனி. குற்றாலமும் குமரியும் ஒரே பயணத்தில் சரிப்படாது என்பது என் தீர்ப்பு. அவை இரண்டு வெவ்வேறு லீவு.

ஐப்பசி முதல் மார்கழி தொடக்கம் வரை கடற்கரைப் பக்கம் வருபவர்கள் வானிலைச் செய்தியைக் கேட்டுவிட்டு வாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கி நின்றது. தாமிரபரணி என்றால் நமக்குத் தாய். அந்த இரண்டு நாளில் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் குடும்பத்தோடு போக மாட்டீர்கள், பைக்கில் போவீர்கள். தெரியும், நாங்களும் சைக்கிளில் போனவர்கள்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஒரு நொடியில் காட்டுவெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவரை இழுத்துப் போய்விட்டது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் நிறம் மாறிச் செம்மண்ணாக வந்தாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, அருவியின் சத்தம் கனத்தாலோ, சோப்பைத் தேடாதீர்கள். ஓடி வந்துவிடுங்கள்.

மாஞ்சோலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செயற்குழுத் தாளில் இரண்டாம் நாள் மாஞ்சோலை என்று போட்டிருக்கிறது. அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம், வனத்துறை அனுமதி வேண்டும், நினைத்தபோது பஸ் எடுத்துப் போக முடியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் அங்கே லைன் வீட்டில் பிறந்து, மணிமுத்தாறு வரை இறங்கி வந்து படித்தவன். 2024-இல் தோட்ட வேலை நின்றுபோய், தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் மலையை விட்டு இறங்கினார்கள். தாளைக் காட்டி, “நீயும் வாடே” என்றேன். “நான் வரலை. நீங்க தேயிலைக்கு நடுவுல நின்னு போட்டோ எடுப்பீங்க. நான் எங்க அம்மா கோலம் போட்ட முத்தத்துல என்ன செடி முளைச்சிருக்குன்னு பாக்கணுமா?” என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் வராத இடத்துக்கு நம் சங்கத்தின் பேனரைக் கட்டிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அப்படியானால் மே மாதத்தில் நம் சீமையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. அது பனைமரத்தின் காலம். திருச்செந்தூர்ப் பக்கம் செம்மண் தேரிகளின் ஓரத்தில் விடிகாலையில் பதநீர் கிடைக்கும், நுங்கு கிடைக்கும். உடன்குடிக் கருப்பட்டி வாங்கலாம். மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றும் அதன்மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயிலும் காலை ஏழு மணிக்குள் பார்க்க வேண்டியவை. பத்து மணிக்கு மேல் கால் பொரிந்துவிடும். குமரி மாவட்டத்துத் திற்பரப்பில் அனேகமாக எப்போதும் தண்ணீர் விழும்.

நகரத்தை நாம் தூங்குவதற்கும் அல்வா வாங்குவதற்கும் மட்டும்தான் வைத்திருக்கிறோம். வெயில் நேரத்தில் நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தைவிடக் குளிர்ச்சியான இடம் எது? ஐந்து சபைகளில் தாமிர சபை அங்கே, சித்திர சபை குற்றாலத்தில். ஊருக்குப் பக்கத்திலேயே திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம். மூன்று ஆண்டு இங்கே படித்துவிட்டு அந்தச் சிற்பங்களைப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போனவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேர் இருப்பீர்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன். கோவில்பட்டிப் பக்கம் போகிறவர்கள் கழுகுமலையில் இறங்கி வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்ட கோயில். எனக்கு முடித்த கோயில்களைவிட அதுதான் பிடிக்கும்.

ஆகவே செயற்குழுவுக்கு என் திருத்தம் இது. மே மாத மூன்று நாள் சுற்றுலாவைக் கைவிட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு குற்றாலம், வயதான பெற்றோருக்கு முதல் இடம். அவர்களைக் கூட்டம் குறைந்த நேரத்தில், அதாவது விடியுமுன், சிற்றருவிக்கோ புலியருவிக்கோ அழைத்துப் போக மாணவர்களில் இருபது பேர் துணைக்கு வர வேண்டும். குமரியை அடுத்த தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தை எதற்கு, இதுவே தை மாதம்தானே என்று எங்கள் பேட்ச் கேட்டது. அதனால் நாளைக்கே ஒரு பஸ் பேசிவிட்டோம். காலையில் கூந்தன்குளம், பறவைகள் வந்து இறங்கியிருக்கின்றன. மாலையில் குமரியில் அஸ்தமனம். பத்மநாபபுரம் அரண்மனையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்காதீர்கள், நாளை திங்கட்கிழமை, அங்கே விடுமுறை. பஸ் காலை ஐந்தரை மணிக்குக் கல்லூரி வாசலில் நிற்கும், ஒன்பது இடம் பாக்கி இருக்கிறது. அம்மாவோ அப்பாவோ உடன் வந்திருந்தால் முன் இருக்கை அவர்களுக்கு. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் என்னைப் பாருங்கள்.