5 அடி 9 அங்குலம்: சாம் மில்ஸ் என்ற லைன்பேக்கர்

1981 ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொள்ள நியூயார்க்கில் கூடின. இந்த வருடாந்தரச் சடங்குக்கு டிராஃப்ட் என்று பெயர். கல்லூரி ஆட்டத்தை முடித்த இளைஞர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். அந்த வருஷம் இரண்டாவது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது லாரன்ஸ் டெய்லரை. இரண்டாம் சுற்றில் சிகாகோ பேர்ஸ் மைக் சிங்கிள்டெரியை எடுத்தது, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் ரிக்கி ஜாக்சனை எடுத்தது. மூவருமே லைன்பேக்கர்கள். மூவருமே பிற்பாடு ஒஹாயோ மாநிலம் கேன்டன் ஊரில் இருக்கும் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்கள்.

12 சுற்றுகள் நடந்தன. 300-க்கும் மேற்பட்ட பெயர்களை வாசித்தார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றாகக்கூட வராத ஒரு லைன்பேக்கரும் 2022-ல் அதே மண்டபத்துக்குப் போனார். அவர் பெயர் சாம் மில்ஸ். இன்றைக்கு அவருடைய கதை.

முதலில் லைன்பேக்கர் என்றால் யார் என்று பார்த்துவிடலாம். இந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தடுக்கும் அணியில் முன்வரிசை ஆட்கள் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். அவர்களுக்கு நாலைந்து கெஜம் பின்னால் நிமிர்ந்து நிற்பவர்தான் லைன்பேக்கர். எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவர்தான் மறிக்க வேண்டும். வீசினால் பின்வாங்கி, பந்து வரும் வழியை அடைக்க வேண்டும். சில சமயம் பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் மேலேயே பாய வேண்டும். மூன்றில் எது என்று முடிவுசெய்ய அவருக்கு ஒரு விநாடிகூடக் கிடைக்காது.

நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எதிரணி எப்படி அணிவகுத்து நிற்கிறது என்று பார்த்து, தன் பக்கத்து ஆட்கள் எங்கே நகர வேண்டும் என்று சத்தம்போட்டுச் சொல்வதும் அவர்தான். ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவர்களைத்தான் அணிகள் இந்த இடத்துக்குத் தேடும். வீசுகிற பந்தை எட்டித் தட்டவும், எதிரே வரும் மலைபோன்ற ஆட்களைத் தள்ளிவிடவும் உயரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மைக் சிங்கிள்டெரி இரண்டாம் சுற்றுவரை காத்திருந்ததற்கே ஆள் கொஞ்சம் குள்ளம் என்ற பேச்சு ஒரு காரணம். அவர் ஆறடி. சாம் மில்ஸோ 5 அடி 9 அங்குலம்.

மில்ஸ் பிறந்தது 1959 ஜூன் 3-ம் தேதி. நியூ ஜெர்சி மாநிலத்தின் கடலோர ஊரான லாங் பிராஞ்சில் பள்ளிப் படிப்பு. பிறகு அதே மாநிலத்தில் மான்ட்க்ளேர் ஸ்டேட் கல்லூரி. மூன்றாம் பிரிவில் ஆடிய கல்லூரி அது. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. டி.வி. கேமராக்களும் அங்கே எட்டிப்பார்க்காது. மில்ஸ் அங்கே ஆடி நல்ல பெயர் எடுத்தார். ஆனாலும் சின்னக் கல்லூரி, குள்ளமான ஆள் என்று இரண்டு குறைகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எந்த அணி திரும்பிப் பார்க்கும்?

டிராஃப்டில் யாரும் எடுக்காததால் 1981-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குப் போய்ப் பார்த்தார். கழித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் எல்லை தாண்டி கனடாவில் டொரான்டோ ஆர்கோநாட்ஸ். அங்கேயும் கழித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி, ஈஸ்ட் ஆரஞ்ச் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலை சொல்லிக்கொடுத்தார், பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தார். இங்கேயே கதை முடிந்திருந்தால் நாம் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். இப்படி முடிந்துபோன கதைகள் அந்த ஆட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

மில்ஸுக்குக் கதவைத் திறந்தது ஒரு போட்டி லீக். யு.எஸ்.எஃப்.எல். என்று பெயர். 1983-ல் தொடங்கினார்கள். என்.எஃப்.எல். இலையுதிர் காலத்தில் ஆடும் என்பதால் இவர்கள் வசந்த காலத்தை எடுத்துக்கொண்டார்கள். புது லீக், ஏகப்பட்ட அணிகள், ஆள் தேவை. அதனால் மற்றவர்கள் கழித்துவிட்டவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸ் அணியின் மேலாளர் கார்ல் பீட்டர்சனிடம் மில்ஸைச் சிபாரிசு செய்தவர் யார் தெரியுமா? அவரைக் கழித்துவிட்ட அதே கிளீவ்லாந்து பிரவுன்ஸின் தலைமைப் பயிற்சியாளர் சாம் ருட்டிக்லியானோ.

ஸ்டார்ஸ் பயிற்சியாளர் ஜிம் மோராவுக்கும் முதலில் தயக்கம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் பயிற்சிப் படச்சுருளை ஓட்டிப் பார்த்தால், பந்து விழுந்த இடத்தில் எல்லாம் இந்தக் குட்டை ஆள்தான் கிடந்தார். உடன் ஆடியவர்கள் அவருக்கு வயலெலி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மூன்று பருவம் ஆடினார். மூன்றிலும் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. 1983-ல் மிச்சிகன் பேந்தர்ஸிடம் இரண்டே புள்ளியில் தோல்வி. 1984-லும், அணி பால்டிமோர் பெயரில் ஆடிய 1985-லும் கோப்பை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைப் பார்க்கலாம். உயரம் இல்லாமல் அவர் எப்படிச் சமாளித்தார்?

ஓட்ட ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து நகர்ந்ததும் எதிரணியின் கார்டு, அதாவது முன்வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவர், லைன்பேக்கரைத் தள்ளிவிட வருவார். எடை 130 கிலோ இருக்கும். இருவரும் மோதும்போது யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர்தான் மற்றவரைத் தூக்குவார். உயரமான ஆள் இதற்காக இடுப்பையும் முழங்காலையும் மடக்கி இறங்க வேண்டும். மில்ஸ் நின்ற நிலையிலேயே கீழே இருந்தார். கபடியில் நெட்டையான ரைடரைக் குட்டையான ஆள் தொடையோடு சேர்த்துக் கட்டிச் சாய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கேயும்.

ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி கண். ஓட்டமா வீச்சா என்பதைப் பந்து சொல்வதற்கு முன்பே கார்டின் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். அவர் முன்னால் பாய்ந்தால் ஓட்டம், பின்னால் நிமிர்ந்தால் வீச்சு, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனால் ஓட்டம் அந்தப் பக்கம். இதை மற்றவர்களைவிடக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் படித்துவிட்டால் கால் வேகம் குறைவாக இருந்தாலும் முதலில் போய்ச் சேரலாம். உயரத்தை அளவுநாடா சொல்லிவிடும், வேகத்தை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும். இந்தப் படிப்பை அளக்க முகாம்களில் கருவி இல்லை. அளக்க முடிந்ததை மட்டும் அளந்து ஆளைக் கழித்ததுதான் 1981-ல் நடந்த தவறு.

போட்டி லீக் அதிக நாள் தாங்கவில்லை. நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் அணியை வாங்கியிருந்த டொனால்ட் டிரம்ப் உட்பட சில முதலாளிகள், இலையுதிர் காலத்துக்கே மாறி என்.எஃப்.எல்.லோடு நேருக்கு நேர் மோதலாம் என்றார்கள். ஏகபோகம் நடத்துகிறது என்று என்.எஃப்.எல். மேல் வழக்கும் போட்டார்கள். 1986-ல் ஜூரி, ஆமாம், ஏகபோகம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர். சட்டப்படி அதை மும்மடங்காக்கி மூன்று டாலர். லீக் அதோடு படுத்துவிட்டது.

அதற்குள் ஜிம் மோராவை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கூப்பிட்டுக்கொண்டது. அவர் மில்ஸைக் கூடவே அழைத்துப் போனார். செயின்ட்ஸ் 1967-ல் ஆரம்பித்த அணி. அதுவரை ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று இருந்ததே இல்லை. 1980-ல் 16 ஆட்டத்தில் 15 தோற்றபோது, ரசிகர்கள் முகம் காட்ட வெட்கப்பட்டுத் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். மோரா வந்த இரண்டாம் வருஷம், 1987-ல், 12 வெற்றி, 3 தோல்வி.

அந்த அணியின் முதுகெலும்பு நான்கு லைன்பேக்கர்கள். வெளிப்பக்கம் ரிக்கி ஜாக்சன், பேட் ஸ்வில்லிங். உள்பக்கம் வான் ஜான்சன், சாம் மில்ஸ். சூப்பர்டோம் என்ற கூரை போட்ட மைதானத்தில் ஆடியதால் டோம் பெட்ரோல் என்று இவர்களுக்குப் பெயர் வந்தது. காவல் சுற்றும் படை என்ற அர்த்தத்தில்தான். 1991, 1992 இரண்டு பருவங்களிலும் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது இவர்கள் அணி. 1992 பருவத்தில் நான்கு பேருமே ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். ஒரே அணியின் நான்கு லைன்பேக்கர்களும் தேர்வானது அதற்கு முன் நடந்ததில்லை. இத்தனை இருந்தும், அந்தக் காலத்தில் செயின்ட்ஸ் ப்ளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கு நான்கு முறை போய் நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. தடுக்கத் தெரிந்த அணி, அடிக்க ஆள் இல்லாத அணி.

1995-ல் மில்ஸுக்கு 35 வயது. லைன்பேக்கர்கள் மூட்டு தேய்ந்து வீட்டில் உட்காரும் வயது. அந்த வருஷம் புதிதாகப் பிறந்த கரோலினா பேந்தர்ஸ் அவரை எடுத்தது. அதன் தலைமைப் பயிற்சியாளர் டோம் கேப்பர்ஸும், தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபான்ஜியோவும் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் மில்ஸோடு இருந்தவர்கள். அளவுநாடாவைப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பேந்தர்ஸ் முதல் ஐந்து ஆட்டத்தையும் தோற்றது. ஆறாவது ஆட்டம் அக்டோபர் 15, நியூயார்க் ஜெட்ஸோடு. சொந்த மைதானம் இன்னும் கட்டி முடிக்காததால் கிளெம்சன் பல்கலைக்கழக மைதானத்தில் ஆடினார்கள். முதல் பாதியில் ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் பபி பிரிஸ்டர் நெருக்கடியில் சிக்கினார். பந்தைத் தலைக்கு மேல் வீச நேரமில்லை. பக்கத்து ஆளுக்குக் கையைத் தாழ்த்தியபடியே தள்ளிவிட்டார். ஷவல் பாஸ் என்பார்கள். அந்தப் பந்து போய்ச் சேர்ந்தது நடுவில் வந்து நின்ற மில்ஸ் கையில். 36 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார், டச்டவுன். 26-15 என்று பேந்தர்ஸ் தன் வரலாற்றின் முதல் வெற்றியைப் பெற்றது.

அடுத்த வருஷமே, பிறந்து இரண்டே பருவம் ஆன அந்த அணி 12 வெற்றி பெற்றது. ப்ளேஆஃபில் நடப்புச் சாம்பியன் டல்லஸ் கௌபாய்ஸை 26-17 என்று வீழ்த்தியது. கடைசி நேரத்தில் பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்தவர்களில் மில்ஸும் ஒருவர். அதற்கடுத்த ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அவர்களை நிறுத்தியது. 37 வயது மில்ஸை, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலான ஆல்-ப்ரோவின் முதல் அணியில் சேர்த்தார்கள். கரோலினாவில் மூன்று பருவம் இருந்தார், ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடக்கத்திலிருந்தே ஆடினார். 1997-ல் ஓய்வு. மொத்தம் 181 என்.எஃப்.எல். ஆட்டங்கள், ஐந்து ப்ரோ பவுல்.

ஓய்வுக்குப் பிறகு அதே பேந்தர்ஸில் லைன்பேக்கர் பயிற்சியாளர் ஆனார். பள்ளிக்கூடத்தில் செய்த வேலையைத்தானே இங்கே பெரிய பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும். 2003 ஆகஸ்டில் அவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதே மாதத்தில் அவரிடம் பயிற்சி பெற்ற லைன்பேக்கர் மார்க் ஃபீல்ட்ஸுக்கும் ஹாட்ஜ்கின்ஸ் என்ற வேறொரு புற்றுநோய். மில்ஸ் கீமோதெரபி எடுத்துக்கொண்டே வேலைக்கு வந்தார். மற்ற ஆட்டக்காரர்கள் அந்த இருவருடைய எண்களான 51, 58 பொறித்த பனியனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

2004 ஜனவரியில் மறுபடியும் டல்லஸோடு ப்ளேஆஃப். ஆட்டத்துக்கு முன் மில்ஸ் அணியிடம் பேசினார். நோய் என்று தெரிந்ததும் என் முன்னால் இரண்டு வழிதான் இருந்தது, விட்டுவிடலாம் அல்லது அடித்துக்கொண்டே இருக்கலாம், நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பது சாரம். அடித்துக்கொண்டே இரு என்று அர்த்தம் தரும் கீப் பவுண்டிங் என்ற அந்த இரண்டு சொல் அணியோடு ஒட்டிக்கொண்டது. அன்று 29-10 என்று ஜெயித்தார்கள். பிறகு செயின்ட் லூயிஸில் இரண்டு முறை கூடுதல் நேரம் ஆடி ஜெயித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஜெயித்து லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கே போனார்கள். அங்கே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் 32-29 தோல்வி. கடைசி நான்கு விநாடி இருக்கும்போது விழுந்த உதையில்.

மில்ஸ் 2005 ஏப்ரல் 18-ம் தேதி காலமானார். வயது 45. அவருடைய 51-ம் எண்ணை பேந்தர்ஸ் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. சொந்த ஊர் ஆட்டம் ஒவ்வொன்றும் தொடங்குமுன் ஒரு பெரிய முரசை அடிக்கிறார்கள், அந்த இரண்டு சொல்லின் பெயரில்.

ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் அவ்வளவு சீக்கிரம் அசையவில்லை. நவீன கால ஆட்டக்காரர் பட்டியலில் ஒருவருக்கு 20 வருஷம்தான் தகுதி. மில்ஸை எடுத்தது 20-வது வருஷத்தில், கடைசி வாய்ப்பில். 2022 ஆகஸ்டில் அவருக்காக மேடையேறியவர் மனைவி மெலனி.

இவ்வளவு தாமதத்துக்கு ஒரு காரணம், அவருடைய முதல் மூன்று வருஷங்கள் என்.எஃப்.எல். கணக்கில் வராத லீகில் கழிந்தன என்பது. அந்த லீகை நஷ்டக் கம்பெனி என்று இன்றும் கேலி செய்வார்கள். மூன்று டாலர் தீர்ப்பைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நஷ்டக் கம்பெனி இல்லையென்றால் மில்ஸ் ஈஸ்ட் ஆரஞ்சில் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றிருப்பார். தேர்வு செய்கிற கதவு ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்தக் கதவின் தவறைத் திருத்த ஆளே இருக்காது. இன்னொரு கதவு மூன்றே வருஷம் திறந்திருந்தாலும் போதும் என்பதற்கு மில்ஸ் சாட்சி.

அவருடைய பழைய ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பந்தைப் பின்தொடராதீர்கள். 51-ம் எண்ணின் முதல் இரண்டு அடியை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போகப்போகிறது என்று உங்களுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.