வீம்புக்குப் போட்ட கடை

(பூந்தமல்லியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



1992-இல் வந்த 'அண்ணாமலை' படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பால்கார ரஜினியின் வீட்டை இடித்துவிடுவார்கள். அவர் சபதம் போட்டு ஓட்டல் முதலாளி ஆவார், அதுவும் ஒரே பாட்டில்! அந்தப் பாட்டுக்குள்ளே எத்தனை வருஷம், எவ்வளவு வட்டி என்று யாரும் சொல்லவில்லை.

அதே மாதிரி கொரியா நாட்டுத் தொடர் ஒன்று, 'இதேவோன் கிளாஸ்'. 2020-இல் வந்தது, 16 பகுதி. பிள்ளைகள் செல்போனில் போட்டுக் காட்ட, நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம். பெரிய சாப்பாட்டுக் கம்பெனி முதலாளியின் மகன் வண்டி மோதி ஒருவர் செத்துப்போகிறார். செத்தவரின் மகன் சேரோயி ஆத்திரத்தில் அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறான். வெளியே வந்து, பல வருஷம் உழைத்துக் காசு சேர்த்து, சியோல் நகரத்தில் இதேவோன் என்ற பேட்டையில் சின்னக் கடை போடுகிறான். (குடிக்கிற கடைதான். அது நமக்கு வேண்டாம்!)

அதில் எங்களுக்குப் பிடித்தது பழிவாங்குவது இல்லை. சமையல் செய்கிற பெண்ணுக்குக் கைப்பக்குவம் சரியில்லை, நிறுத்திவிடு என்கிறார்கள். அவன் இரண்டு மடங்கு சம்பளத்தைக் கையில் கொடுத்து, இரண்டு மடங்கு பாடுபடு என்கிறான். எதிரி அந்தக் கட்டடத்தையே வாங்கிக் கடையைக் காலி செய்ய வைக்கிறான். வேறு தெருவுக்குப் போனால் அங்கே வியாபாரமே இல்லை. அவன் பக்கத்துக் கடைகளுக்கும் போர்டு, லைட் சரிபண்ணிக் கொடுக்கிறான். தெருவுக்கு ஆள் வந்தால்தானே தன் கடைக்கும் வருவார்கள்?

இதை ஏன் சொல்கிறோம் என்றால், எங்கள் குழுவில் ஒரு அக்கா ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் கூட்டிக் கேட்டதற்கு, எல்லார் முன்னாலும் "உன்னை மாதிரி நூறு பேர் கிடைப்பாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டே கூட்டத்துக்கு வந்தார். எங்களுக்கும் ரத்தம் கொதித்தது. கணக்கே கேட்காமல் உள்கடன் 20,000 ரூபாய் என்று தீர்மான நோட்டில் எழுதிவிட்டோம். அந்தத் தப்பு எங்களுடையது.

அக்கா அந்த ஓட்டலுக்கு எதிரிலேயே இட்லிக் கடை போட்டார். அங்கே 10 ரூபாய் என்றால் இவர் 6 ரூபாய். கூட்டம் தாங்கவில்லை. ஆனால் மூன்றாம் மாசம் தவணை நின்றுபோச்சு. உட்கார்ந்து அரிசி, உளுந்து, கேஸ், வாடகை, அக்காவின் கூலி எல்லாம் எழுதிப் பார்த்தோம். இட்லி ஒன்றுக்கு அடக்கமே 7 ரூபாய்! விற்க விற்க நஷ்டம்.

"அவன் கடையை மூடணும், அதுவரைக்கும் விலை ஏத்தமாட்டேன்" என்றார் அக்கா. "அதுக்குள்ள நம்ம குழுவையே மூடிடுவோம்" என்றோம். இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. அப்புறம் அவரே வந்து 9 ரூபாய் என்று போர்டு எழுதச் சொன்னார்.

இப்போது தவணை வருகிறது, இரண்டு தவணை பாக்கி. எதிர் ஓட்டலும் நடக்கத்தான் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு, சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் வரவு செலவு நோட்டோடு வாருங்கள். அடக்க விலை போடுவதை அந்த அக்காவே சொல்லித் தருவார்.