பேருந்து போகாத தூரம்



1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்றது அந்தத் தீர்மானம். தெருவில் நடக்கவே சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பேருந்துகளும் அக்காலத்தில் ஓடின. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுத்தால் உரிமம் ரத்து என்று உத்தரவிட்ட பிறகே அங்கே நிலைமை மாறியது.

இன்று பேருந்தில் ஏற யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேருந்து எங்கிருந்து புறப்படுகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். சாதி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் நம் மக்கள் குடிசை போட்டது ஆற்றின் அழகைப் பார்த்து அல்ல. நடந்து போகிற தூரத்தில் வேலை இருந்தது. விடியுமுன் தெருவைக் கூட்டப் போகிறவருக்கும், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கும், மூட்டை தூக்குகிறவருக்கும் வேலைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதல். அந்த மக்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமெடுத்தது. பெரும்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் இருபது கிலோமீட்டருக்கும் மேல்.

பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்டுத்தான் பறக்கும் ரயில் ஓடுகிறது. 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 2007இல் வேளச்சேரியை எட்டியது. ரயில் வருகிற இடத்தில் மனை விலை ஏறும், வாடகை ஏறும். கூலிக்காரன் அங்கே குடியிருக்க முடியாது. ரயில் ஒரு பக்கம், அதில் ஏறி வேலைக்குப் போக வேண்டியவன் இன்னொரு பக்கம்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. காசு மிச்சமாகிறது; நேரம் மிச்சமாகவில்லை. மயிலாப்பூரில் மூன்று வீடு பார்த்தவர், போக வர நான்கு மணி நேரம் கழிந்தால் ஒரு வீட்டை விடத்தான் வேண்டும். அந்தச் சம்பளம் போகிறது. பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் ஆள் இல்லை. புறநகரில் புதிதாக வேலை தேடினால், முகவரியைச் சொன்னதும் முகம் சுளிக்கிறார்கள்.

கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போகச் சொன்னார் பாபாசாகேப். நகரமோ நம்மை ஊருக்கு வெளியே இன்னொரு சேரியில் கொண்டுபோய் வைக்கிறது. அடுக்குமாடி என்பதால் அது சேரி இல்லை என்று ஆகிவிடாது.

எனவே நாம் கேட்க வேண்டியது இதுதான். வீட்டின் சதுர அடியைக் கணக்குக் காட்டுகிற அரசு, அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய்ச்சேரும் நேரத்தையும் கணக்குக் காட்டட்டும். விடியற்காலைப் பேருந்து ஓடத் தொடங்கிய பிறகு சாவியைக் கொடுக்கட்டும். அதற்கும் முன்னால், இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தர முடியாதது ஏன் என்று எழுத்தில் பதில் சொல்லட்டும்.

ஜெய்பீம்.