ஜெனித்தும் உச்சியும்



'புகழின் சிகரத்தைத் தொட்டவர்' என்று வாழ்த்துமடல்களில் எழுதுவது பெருவழக்கு. ஆங்கிலத்தில் இவ்விடத்தில் 'ஜெனித்' என்னும் சொல் வருவதுண்டு. மொழிபெயர்ப்போர் பலரும் அதனையும் 'சிகரம்' என்றே எழுதிவிடுகின்றனர். பிழை இங்குதான் நேர்கிறது. சிகரம் மலைக்கு உரியது, ஏறினால் எட்டலாம், எட்டியவர் அதன்மேல் நிற்கலாம். ஜெனித் வானுக்கு உரியது. நிற்பவரின் தலைக்கு நேர்மேலே உள்ள வான்புள்ளி அது. அவர் நடந்தால் அதுவும் உடன் நகரும். அதனை ஏறி அடைந்தார் எவருமிலர்.

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. அரபு வானியலார் இப்புள்ளியைத் 'தலைக்கு மேலுள்ள வழி' என்னும் பொருளில் 'சம்த் அர்-ராஸ்' என்றனர். இடைக்கால இலத்தீனார் தலையை விட்டுவிட்டு, வழியை மட்டும் எடுத்துக்கொண்டனர். அதுவும் முழுதாக வந்து சேரவில்லை. ஏடெழுதியோர் மகர எழுத்தின் மூன்று கோடுகளை 'நி' எனப் பிரித்துப் படித்தமையால் 'செம்த்' என்பது 'செனித்' ஆயிற்று என்பர். புள்ளி இடாத சுவடிகளோடு போராடிய தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு இத்தகைய மயக்கம் புதிதன்று. அவர்கள் திருத்தினர், ஐரோப்பாவிலோ பிழையே சொல்லாகி நிலைத்துவிட்டது. கவிஞர் சாசர் தம் பத்து வயது மகனுக்காக 1391-இல் எழுதத் தொடங்கிய வானியற்கருவி நூலிலேயே இச்சொல் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'புயல்' நாடகத்தில் பிராஸ்பரோ தன் நற்பேற்றின் உயர்நிலையைக் குறிக்க இதனை ஆள்கிறான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இலண்டனில் ஞாயிறு ஒருநாளும் தலைக்கு நேரே வருவதில்லை. ஜூன் மாத நெடும்பகலிலும் அடிவானிலிருந்து ஏறத்தாழ 62 பாகையே உயரும். நண்பகல் ஞாயிற்றுக்கு இச்சொல்லை ஆளும் ஆங்கிலக் கவிஞன் தன் ஊரில் காணாததைப் பாடுகிறான். சென்னையிலோ ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும் கதிரவன் நேர் உச்சியில் நிற்க, நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது.

தமிழின் 'உச்சி' தலையை விடவில்லை. தாய் மகவை உச்சி முகர்கிறாள். உச்சி எடுத்துத் தலை வாருகிறாள். கோயிலில் உச்சிக்காலப் பூசை நடக்கிறது. தலைக்கும் பொழுதுக்கும் வானுக்கும் ஒரே சொல். மலைக்கும் அது ஆகும். திருச்சியின் உச்சிப்பிள்ளையாரே சான்று. ஆயினும் 'ஜெனித்' என்பதற்கு இதனினும் நெருங்கிய சொல் இல்லை.

உருவகமாக வருமிடத்து 'உச்சம்' பொருந்தும். சோதிட வழக்கில் ஞாயிறு மேடத்தில் உச்சம். நேரெதிரான துலாத்தில் நீசம். ஜெனித்துக்கும் நேர் கீழே 'நாடிர்' என்னும் எதிர்ப்புள்ளி உண்டு. 'எதிர்' என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது அது. ஆகவே ஒருவர் புகழ் ஜெனித்தில் உள்ளது என்னும் ஆங்கிலத் தொடரில், இனிச் சாயும் என்னும் குறிப்பும் உறைகிறது. 'சிகரம்' என எழுதும்போது அக்குறிப்பு மறைந்துபோகிறது. வாழ்த்துமடலில் அது மறைவது நல்லதே. இரங்கற்பாவை மொழிபெயர்க்கும் கவிஞர்க்கோ அதுதான் உயிர்.